செத்த முடிக்குச் சோறு

கூந்தலைப் பற்றித் தமிழில் நடந்த மிகப் பழைய சண்டை ஒரு விளம்பரச் சண்டைதான் என்பேன். பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் புகையும் கொடுப்பதா என்று பாண்டியனுக்குச் சந்தேகம் வருகிறது. தீர்த்துவைப்பவருக்கு ஆயிரம் பொன். இயற்கை மணம் உண்டு என்று சொல்லும் பாட்டோடு தருமி வந்து நிற்கிறான். நக்கீரர் எழுந்து ஆட்சேபிக்கிறார். பாட்டை எழுதியவர் சிவபெருமான் என்று தெரிந்த பிறகும் அவர் தன் ஆட்சேபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தால் இந்தக் கதை தெரியாத தமிழர் இல்லை. ஆனால் நாகேஷின் புலம்பல் நினைவில் தங்கிய அளவுக்கு நக்கீரரின் கேள்வி தங்கவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: இது உடம்பிலிருந்து வருகிறதா, மேலே பூசியதால் வருகிறதா?

அந்தக் கேள்வியை ‘ஹேர் மாஸ்க்’ டப்பாவிடம் கேட்பதற்காக இதை எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே திரும்பினாலும் ஒரு சூப்பர் மார்க்கெட். அதில் முடிக்கு மட்டும் ஒரு முழு அலமாரி. வெங்காயம், செம்பருத்தி, கறிவேப்பிலை, வாழைப்பழம், தயிர், முட்டை, பாதாம். தூரத்திலிருந்து பார்த்தால் மளிகை அலமாரி என்றே தோன்றும். எல்லா டப்பாவிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘ஊட்டம்’. வேருக்கு ஊட்டம், நுனிவரை ஊட்டம், ஊட்டத்தால் அடர்த்தி, அடர்த்தியால் தன்னம்பிக்கை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாஸ்க் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அது ஊட்டம் தருவது இல்லை. முடி வளர்ப்பதும் இல்லை. அந்தச் சொல் பொய். சோறு தேவைப்படும் உடம்புகள் இவ்வளவு இருக்கிற ஊரில் அதைச் சின்னப் பொய் என்று விட்டுவிட முடியாது.

*

தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. அதற்கு நரம்பில்லை, ரத்தமில்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிரோடு இருப்பது தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்கால் மட்டும். அது சாப்பிடுவது ரத்தத்திலிருந்து. வேறு வாய் அதற்குக் கிடையாது.

இதற்குச் சான்று எங்கள் வாசலிலேயே ஓடுகிறது. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் சி.டி.எச். ரோடு திருத்தணிக்குப் போகிறது. அதைத் தாண்டினால் திருப்பதி. இரண்டு இடத்திலும் மக்கள் மொட்டை போடுகிறார்கள். அந்த முடியைக் கோயில் நிர்வாகம் ஏலம் விடுகிறது. நீளவாரியாகப் பிரித்து, அலசி, சிக்கெடுத்து, விக்காகவும் சவுரியாகவும் உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். தலையை விட்டு இறங்கி வருடக்கணக்கான பிறகும் அது பளபளக்கிறது. அந்த விக்குக்கு மாஸ்க் போட்டுப் பாருங்கள். உங்கள் தலைமுடிக்குக் கிடைக்கும் அதே மென்மை அதற்கும் கிடைக்கும். விக் ஊட்டம் பெற்றது என்று யாராவது சொல்வார்களா?

நடப்பது எளிமையான வேதியியல். வெயிலும் சாயமும் ஸ்ட்ரெய்ட்னரும் பட்டுச் சேதமான இழையின் மேல் எதிர்மின்னூட்டம் கூடுகிறது. மாஸ்க்கில் நேர்மின்னூட்டம் உள்ள கண்டிஷனர் பொருட்களும், கொழுப்பு ஆல்கஹால்களும், பல சமயம் சிலிக்கோனும் இருக்கின்றன. அவை இழையில் ஒட்டிக்கொண்டு, தூக்கிக்கொண்டு நிற்கும் செதில்களைப் படியவைக்கின்றன. சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது, சிக்கு குறைகிறது, இழுத்து அறுப்பது குறைகிறது. எங்கள் பக்கத்து போர் தண்ணியில் குளித்துத் தேங்காய் நாராகிப்போன தலைக்கு இது உண்மையான உதவிதான். அந்த உதவியைக் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது துணிக்கு கஞ்சி போடுவது மாதிரியான உதவி. கஞ்சி போட்டால் வேட்டி விறைப்பாக நிற்கும், நூல் கூடாது.

விற்பவர்களுக்கும் இது தெரியும். டப்பாவின் முன்பக்கம் ‘முடி உதிர்வு குறையும்’ என்று பெரிதாக இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பின்பக்கம் அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போனால் எறும்பு எழுத்தில் ‘முறிவதால் ஏற்படும் உதிர்வு’ என்று இருக்கும். முழு வியாபாரமும் அந்த நட்சத்திரத்தில்தான் நிற்கிறது. சீப்பில் வந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்த முடி. குமிழ் இல்லையென்றால் நடுவில் அறுந்தது. மாஸ்க்குக்குச் சம்பந்தம் இரண்டாவதோடு மட்டும்தான். ராத்திரி தூக்கம் கெட்டு நாம் கவலைப்படுவது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி.

*

“அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு வளர்ந்துச்சே?” என்பார்கள். ஆபீஸில், பஸ்ஸில், வீட்டில் என்று எல்லா இடத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வளர்ந்திருக்கும். அதற்குக் காரணம் மாஸ்க்தானா என்பதுதான் கேள்வி.

என் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிடும். நாலு பேர் நாலு இடத்தில் கைவைப்பார்கள். அது எழுந்துவிடும். கடைசியாகக் கைவைத்தவன் “நான்தான் சரிபண்ணேன்” என்பான். லாகை எடுத்துப் பார்த்தால் கோளாறு போன வாரமே தொடங்கியிருக்கும். அது தானாகவே மறுபடி கிளம்பியும் இருக்கும்.

முடிக்கும் இப்படி ஒரு லாக் உண்டு. ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது சாதாரணம். டெங்குக் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் என்று உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சல் ஐப்பசியில், முடி கொட்டுவது தையில். தையில் நிற்கிறவர் ஐப்பசியை நினைப்பதில்லை. போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டுவார்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கொட்டல் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஒருவர் எப்போது மாஸ்க் வாங்குகிறார்? கொட்டல் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு என்ன வரும்? இறக்கம்தான். நீங்கள் தலையில் தயிர் தடவினாலும், திருவேற்காட்டு அம்மனுக்கு விளக்கு போட்டாலும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூன்று மாதத்தில் குட்டிக் குட்டி முடிகள் நெற்றியோரம் எட்டிப்பார்க்கும். அந்த மூன்று மாதத்தைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ‘90 நாளில் பலன்’ என்ற வாக்குறுதியின் கணக்கு இது.

*

அடுத்து பாட்டி வருவார். நவீனத்தை விமர்சித்து ஒரு வரி எழுதினால்கூட “இதத்தான் நம்ம பாட்டி அப்பவே சொன்னாங்க” என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வெந்தயத்தை அரைத்துத் தடவினாலும் விதி அதேதான். அது கடை மாஸ்க்கின் வீட்டுப் பதிப்பு. வழவழப்பு வரும், குளிர்ச்சியாக இருக்கும், செலவு குறைவு. முடி முளைக்காது.

பாட்டி வைத்தியத்தில் சோதித்துப் பார்க்கத் தகுந்தவை இல்லாமல் இல்லை. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைப் புழுவெட்டு நோயாளிகளிடம் சோதித்தார்கள். தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி திரும்பியது. நல்ல செய்திதான். ஆனால் புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வட்ட வட்டமாக முடி போகும் தனி நோய். பலருக்குத் தானாகவும் சரியாகும். சோதித்தவர்கள் சிலர்தான். அந்தச் சிறு ஆய்வை வைத்து, சாதாரண உதிர்வுக்கும் வழுக்கைக்கும் வெங்காய ஷாம்பூ, வெங்காய எண்ணெய், வெங்காய மாஸ்க் என்று ஒரு முழுச் சந்தையே எழும்பிவிட்டது. அதே மாதிரி தேங்காய் எண்ணெய் இழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் பாராசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அதனால் மட்டும் அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த ஆய்வு சொன்னதும் இழையின் பாதுகாப்பைப் பற்றித்தான். வளர்ச்சி என்று அதில் இல்லை.

பாட்டியையும் கடையையும் எதிரெதிரே நிறுத்துவதே பழைய ஏமாற்று. கடலூரில் 1983இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய தொழிலில் இருந்துதான் சிக் ஷாம்பூ பாக்கெட் ஊர் ஊராகப் போய்ச் சீயக்காய்க் கிண்ணத்தை ஓரங்கட்டியது. அதே நிறுவனம்தான் பிறகு மீரா என்ற பெயரில் சீயக்காயையும் விற்றது. இதில் குற்றம் ஒன்றுமில்லை, நல்ல வியாபாரம். பாட்டியின் எதிரி யாரோ அவரே பாட்டியின் ஏஜென்ட்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஷாம்பூ எண்ணெயை எடுக்கும், கண்டிஷனர் கொஞ்சம் திருப்பித் தரும், மாஸ்க் இன்னும் கொஞ்சம் தரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பில்.

*

சட்டம் என்ன செய்கிறது? நக்கீரரின் கேள்வி உண்மையில் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சுத்தப்படுத்த, அழகூட்ட, தோற்றத்தை மாற்றப் பயன்படுவது அழகுசாதனப் பொருள். அதாவது மேலே பூசுவது. உடம்பின் இயக்கத்தில் கைவைப்பேன் என்றால் மருந்தின் எல்லைக்குள் போக வேண்டும். அங்கேயும் 1945 விதிகளின் ‘ஜே’ அட்டவணை இருக்கிறது: எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல். வழுக்கை அதில் உண்டு. புதிய முடி வளர்வதும் உண்டு.

ஆக, சட்டம் தெளிவாக இருக்கிறது. அமலாக்கம்? கேரளத்தில் ஒருவர் தாத்ரி ஹேர் கிரீமை 2012இல் 376 ரூபாய்க்கு வாங்கினார். ஆறு வாரத்தில் முடி வளரும் என்று விளம்பரம். வளரவில்லை. திருச்சூர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் நடித்த நடிகர் அனூப் மேனன், அந்த கிரீமைத் தான் பயன்படுத்தியதில்லை, தன் அம்மா காய்ச்சும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாக விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2020ஆம் வருடக் கடைசியில் நிறுவனத்துக்கும் நடிகருக்கும் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஒரு மனிதருக்கு நியாயம் கிடைக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. அபராதம் ஒரு நாள் விளம்பரச் செலவுக்குக் காணாது. இவ்வளவு பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? பில்லையாவது பத்திரமாக வைத்திருப்போமா?

முடியை வளர்க்கும் பொருள் உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மினாக்சிடில் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. அது மயிர்க்காலில் வேலை செய்கிறது. அதனால்தான் அது மருந்து. பக்கவிளைவு உண்டு, முதல் வாரங்களில் கூடுதலாகக் கொட்டும், நிறுத்தினால் வந்தது போய்விடும், யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொல்ல வேண்டும். உடம்பில் உண்மையாக வேலை செய்யும் பொருள் தன் எல்லையையும் சேர்த்துச் சொல்லும். எந்த மாஸ்க்காவது ‘நிறுத்தினால் போய்விடும்’ என்று எழுதியிருக்கிறதா?

*

இவ்வளவு கோபம் எதற்கு, ஐந்நூறு ரூபாய் டப்பாதானே என்று கேட்கலாம். அங்கேதான் வருகிறேன்.

என் தங்கச்சி பட்டாபிராமில் இருக்கிறாள். பிரசவமான நாலாவது மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. மாமியார் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார், பக்கத்து வீட்டு அக்கா முட்டை மாஸ்க் சொன்னார், கடைசியில் மெயின் ரோட்டில் உள்ள ஒரு கிளினிக்கில் ‘ஹேர் ஸ்பா, மாஸ்க்’ பேக்கேஜ் போட்டார்கள். மாதத் தவணை. தலையை லென்ஸ் வைத்துப் பெரிதாக்கி டிவியில் காட்டினார்கள். “வேர் பட்டினி கிடக்குதும்மா” என்றாராம் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். வேரின் பட்டினியைக் கண்டுபிடித்தவர்கள் ஆளின் பட்டினியைக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ரத்தம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, நர்ஸம்மா இவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு ஊசி இருக்கட்டும், நீ முதல்ல விரலக் காட்டு” என்றார். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். காசு வாங்காமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீயோடு முழுங்காதே என்று திட்டி அனுப்பினார்.

அதற்குள் முடி கொஞ்சம் நின்றிருந்தது. கிளினிக்காரர்கள் “பாத்தீங்களா ரிசல்ட்ட” என்றார்கள். நான் மேலே சொன்ன லாக் கணக்கு இதுதான். பிரசவத்துக்குப் பின் கொட்டுவது அந்த நேரத்தில் நிற்கத் தொடங்கும். மாத்திரைதான் முடியை வளர்த்தது என்றும் நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு டப்பா விற்கிறவன் ஆகிவிடுவேன். மாத்திரை சாப்பிட்ட மூணு மாதத்தில் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி நிற்காமல் ஏறினாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57. காலை ஆறரைக்கு ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல், ஸ்ரீபெரும்புதூர் லைன் வேலை, எங்களைப் போல ஐ.டி. ஈரத்தலை, கையில் டிபன் டப்பா. அது எப்போது திறக்கும் என்பது ஷிப்டுக்குத்தான் தெரியும். கணக்குப்படி பாதிக்கு மேல் பேரின் ரத்தம் வெளிறிக் கிடக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் முடி கொட்டும் பெண்ணிடம் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படும் விஷயங்கள். அதாவது, கொட்டும் முடி சில சமயம் உடம்பு அனுப்பும் எச்சரிக்கை. மாஸ்க்கின் உண்மையான தீங்கு காசு போவதில்லை. அந்த எச்சரிக்கையை நாலு மாதம், ஆறு மாதம் ம்யூட்டில் போட்டுவிடுகிறது.

இந்த ஊர் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை போடுகிறது. முட்டை எந்த வழியாகப் போனால் உடம்பில் சேரும் என்று நம் அரசுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அதே முட்டையை ஞாயிற்றுக்கிழமை தலையில் உடைத்து ஊற்றிக்கொண்டு, ‘புரோட்டீன் ட்ரீட்மென்ட்’ என்கிறோம். அந்த ஆறு கிராம் புரதம் பாத்ரூம் ஜலதாரையில் போகிறது.

*

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

“ஆம்பளைக்கு என்ன தெரியும்? எங்க முடி எங்களுக்கு.” சரியான கேள்வி. ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மதியம் தலையில் ஏதோ பூசிக்கொண்டு, யாரும் கூப்பிட முடியாதபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அந்த ஒரு மணி நேரத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மென்மைக்காக, வாசனைக்காக, சும்மா இருப்பதற்காகப் பூசுங்கள். என் சண்டை அந்தச் சுகத்தை நோயாக்கி விற்பவனோடு. உன் முடி மெலிசு, உன் நெற்றி ஏறுது, நீ உன்னைக் கவனிக்கல என்று முதலில் பயமுறுத்திவிட்டு, பிறகு டப்பாவை நீட்டுகிறான். ஆண்களுக்கும் இதே கடைதான், இப்போது கறுப்பு டப்பாவில்.

“எல்லாருமா டாக்டர்கிட்ட போக முடியும்?” முடியாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. தனியார் லேபில் முழு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு டப்பா மாஸ்க் விலைக்கு மேல் போகாது. மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று காலண்டரைத் திருப்பிப் பார்க்க அதுவும் வேண்டாம்.

எனவே இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை தங்கச்சியோ தோழியோ “முடி ரொம்பக் கொட்டுது, எந்த மாஸ்க் நல்லாருக்கும்?” என்று கேட்டால், பிராண்ட் பெயர் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். “கடைசியா எப்ப ரத்தம் பாத்த?” “இன்னைக்குக் காலையில சாப்ட்டியா?”